உயர்தரம் முடித்து விமானியாக: இரத்மலானையா, வெளிநாடா, சீனன்குடாவா, முதலில் ஒரு தொழிலா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஏறத்தாழ ஒரே கேள்வி வருகிறது. “மகன் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. விமானியாகப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இன்டிகோ 500 விமானம் வாங்குகிறதாம், எயார் இந்தியாவும் வாங்குகிறதாம். இப்போது சேர்த்தால் வேலை நிச்சயந்தானே? எங்கே சேர்ப்பது?” மகளுக்காகக் கேட்கும் தாய்மாரும் இப்போது கூடிவருகிறார்கள். அது எனக்குப் பெரிய சந்தோசம்.

எங்கே சேர்ப்பது என்பதற்கு நமது பிள்ளைகளுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடுமுன் “வேலை நிச்சயந்தானே” என்ற பகுதியைப் பார்த்துவிட வேண்டும். வயலை விற்பதும் வீட்டு உறுதியை வங்கியில் வைப்பதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது.

## விமானம் வாங்கும் செய்தியை எப்படி வாசிப்பது

செய்திகள் பொய்யில்லை. 2023 பெப்ரவரியில் எயார் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் பாரிஸ் கண்காட்சியில் இன்டிகோ 500 எயார்பஸ் விமானங்களுக்கும், 2024 ஜனவரியில் அகாசா 150 போயிங் விமானங்களுக்கும் கட்டளை கொடுத்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகத்துக்கு 660,000 புதிய விமானிகள் தேவைப்படுவார்கள் என்று 2025இல் போயிங் கணித்தது. பறப்புப் பள்ளிகளின் விளம்பரத்தில் இந்த எண்கள்தான் பெரிதாக அச்சாகின்றன.

அச்சாகாத பகுதி இனித்தான் வருகிறது. இன்டிகோவின் அந்த 500 விமானங்களும் வந்துசேரும் காலம் என்று சொல்லப்பட்டது 2030 முதல் 2035 வரை. சொன்ன திகதியில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2013இல் டுபாய்க் கண்காட்சியில் எமிரேட்ஸ் 150 போயிங் 777எக்ஸ் கேட்டது. முதல் விமானம் 2020இல் வந்திருக்க வேண்டும். இப்போது 2027 என்கிறார்கள். பிராட் அன்ட் விட்னி இயந்திரங்கள் கிடைக்காததையே காரணமாகக் காட்டி 2023 மேயில் இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் பறப்பை நிறுத்தியது. அடுத்த மாதங்களில் அதே இயந்திர வகையின் உலோகக் குறைபாடு தெரியவர, உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. நமது நாட்டுக் கதையும் உண்டு. ஸ்ரீலங்கன் 2013இல் அறிவித்த ஏ350 விமானங்களில் ஒன்றுகூட இன்றுவரை அதன் வண்ணத்தில் பறக்கவில்லை. 2016இல் அவற்றின் குத்தகை ரத்தாகி இழப்பீடும் கட்ட வேண்டி வந்தது.

அடுத்தது கடவுச்சீட்டு. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இந்திய நிறுவனங்களின் பயிலுநர் விமானித் திட்டங்களும் (நிறுவனமே புதியவர்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவிப்பது) ஆரம்ப நிலை முதல் அதிகாரி, அதாவது துணை விமானி, இடங்களும் இந்தியருக்கானவை. வெளிநாட்டு விமானிக்கு அங்கே தற்காலிக அனுமதி உண்டு. அது அனுபவம் உள்ளவர்களுக்காக, பெரும்பாலும் தலைமை விமானிகளுக்காக வைத்திருப்பது. 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதி இறுகியதும் ஆள் போதாமல் இன்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்தது. அப்படிப்பட்ட தட்டுப்பாட்டிலும் 200 மணி பறந்த இலங்கைப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. வளைகுடாவிலும் இதே நிலைதான். எமிரேட்ஸின் தேசியப் பயிலுநர் திட்டம் அந்நாட்டுப் பிரசைகளுக்குரியது. மற்றவர்களை உலகெங்கும் தேடித்தான் எடுக்கிறார்கள், ஆனால் பெரிய விமானத்தில் பல ஆயிரம் மணி பறந்தவர்களை. அண்ணன் டோஹாவில் இருக்கிறான் என்பதால் தம்பிக்குக் கட்டார் எயார்வேஸில் இடம் கிடைத்துவிடாது.

அப்படியென்றால் இந்த வளர்ச்சி நமக்கு உதவவே உதவாதா? உதவுகிறது, சுற்றுவழியாக. வளைகுடாவும் பிறநாடுகளும் அனுபவசாலிகளை இழுக்கும்போது இங்கிருந்து தலைமை விமானிகள் போகிறார்கள். 2022, 2023இல் பொருளாதார நெருக்கடிக்குள் ஸ்ரீலங்கனிலிருந்து விமானிகள் வெளியேறியதை நாடே பார்த்தது. அவர்கள் விட்ட இடத்துக்கு உள்ளே இருப்பவர்கள் ஏற, அடியில் சில இடங்கள் காலியாகின்றன. நமது பிள்ளை எட்டக்கூடியது அந்த அடியிடம்தான்.

அந்த அடியிடம் எத்தனை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ320 போன்ற ஒரு விமானத்தை நாள் முழுக்க ஓட்ட ஏறத்தாழ 10 முதல் 14 விமானிகள் வேண்டும் என்பது இத்துறையின் பொதுவான கணிப்பு. ஒரு நிறுவனம் இரண்டு விமானம் கூட்டினால் 20 முதல் 28 பேர். ஸ்ரீலங்கனிடம் இருப்பதே 20க்குச் சற்று மேற்பட்ட விமானங்கள். 2022 ஒக்டோபரில் சர்வதேசப் பயணிகள் சேவை தொடங்கிய ஃபிட்ஸ்எயாரிடம் சில. மட்டக்களப்புக்கு வந்துபோகும் சினமன் எயாரின் செஸ்னா கரவான்கள் இன்னும் சிறியவை. ஒவ்வோர் இடத்துக்கும் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் ஏ320 வகைத் தகுதியோடு (அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) திரும்பி வந்தவர்கள், விமானப்படையில் பறந்து விலகியவர்கள், ஏற்கெனவே லைசன்ஸ் எடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளை அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

## எதை வைத்து அளக்கிறேன்

விளம்பரங்கள் லைசன்ஸ் கிடைக்கும் வரை உள்ள கட்டணத்தைச் சொல்கின்றன. நான் கேட்பது முதல் சம்பளம் கையில் வரும்வரை ஆகும் செலவை. இரண்டுக்கும் இடையில் ஒரு வருடமும் இருக்கலாம், ஐந்து வருடமும் இருக்கலாம். அந்த இடைவெளியில் பிள்ளை சாப்பிட வேண்டும், வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும், லைசன்ஸைச் சாகாமல் வைத்திருக்க வேண்டும். வர்த்தக விமானியின் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதிக்கும் மறுபரிசோதனை உண்டு. பறக்காமல் இருந்தால் கை மறந்துபோகும். ஆகவே காசு கொடுத்து இடையிடையே பறக்கவும் வேண்டும்.

முதல் அளவுகோல் அந்த இடைவெளியை யார் சுமப்பது என்பது: குடும்பமா, வேலை தருபவரா, பிள்ளையே உழைத்தா? அடுத்தது, எடுக்கும் லைசன்ஸும் வைத்திருக்கும் கடவுச்சீட்டும் எந்த நாட்டில் எந்த வேலைக்குச் செல்லும் என்பது. மூன்றாவது, பாதியில் நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும் என்பது. மிஞ்சுவது கடன் மட்டுமென்றால் அந்த வழிக்கு நான் மிகவும் பயப்படுவேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவம். இலங்கைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் முதலாம் வகுப்புப் பரிசோதனையைச் செய்யாமல் ஒரு ரூபாயும் எங்கும் கட்டாதீர்கள். நிறக்குருடு இருப்பது பல பிள்ளைகளுக்கு அந்த நாளில்தான் தெரியவருகிறது. காது, இதயம், சீனி வியாதி எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கண்ணாடி போடுவது பொதுவாகத் தடையில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேச விதிப்படி வானொலியில் பேச நான்காம் நிலை ஆங்கிலம் குறைந்தபட்சம் வேண்டும். வளிமண்டலவியல், வழிகாட்டல், விமானச் சட்டம் என்று எழுத்துப் பரீட்சைகள் எல்லாமே ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழிமூலம் பௌதிகவியலில் ஏ எடுத்த பிள்ளை இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, பழக்கக் குறைவு. பயிற்சியில் சேருமுன் ஆறு மாதம் ஆங்கிலத்துக்கென்றே ஒதுக்கினால், பறக்கும் மணிக்குக் கட்டும் காசில் எவ்வளவோ மிச்சமாகும். வானத்தில் ஆங்கிலம் பழகுவதுதான் உலகத்திலேயே விலைகூடிய ஆங்கில வகுப்பு.

## இரத்மலானையில் சொந்தச் செலவில்

1935இல் தொடங்கிய இரத்மலானை விமான நிலையத்தைச் சுற்றித்தான் நாட்டின் பறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் இருக்கின்றன. படிமுறை இப்படி: 17 வயதில், குறைந்தது 40 மணி பறந்து தனியார் விமானி லைசன்ஸ். 18 வயதுக்குப் பிறகு, 200 மணி பறந்து வர்த்தக விமானி லைசன்ஸ், சி.பி.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அங்கீகாரம் பெற்ற தொடர்ப் பயிற்சியில் சர்வதேச விதி 150 மணியையும் ஏற்கிறது. அதில் 300 கடல்மைல், விதியின் கணக்கில் 540 கிலோமீற்றர், தனியே தலைமையேற்றுப் பறந்து வழியில் இரண்டு நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். இலங்கையின் நீளமே 432 கிலோமீற்றர் என்பதால் நேர்கோட்டில் அந்தத் தூரம் கிடைக்காது. தீவை வளைத்துத்தான் பறக்க வேண்டும்.

சி.பி.எல். கையில் வந்ததும் வேலைக்குத் தயார் என்று வீட்டில் நினைப்பார்கள். அதன்மேல் இரட்டை இயந்திரத் தகுதி, கருவிப் பறப்புத் தகுதி, இருவர் சேர்ந்து இயக்கும் பயிற்சி ஆகியவை வேண்டும். நிறுவனம் கேட்டால் ஏ320 வகைத் தகுதியும். அந்த ஒன்றுக்கு மட்டும் வெளிநாட்டு சிமுலேட்டர் நிலையங்களில் 20,000 டொலரும் அதற்கு மேலும் போகும். வேலை உறுதியாகாமல் அதைச் சொந்தக் காசில் எடுப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பறக்காமல் விட்டால் அந்தத் தகுதி காலாவதியாகும். காசு அப்படியே கரையும்.

மறைந்த செலவுகளில் முதலாவது காலம். ஒன்றரை வருடம் என்று சொல்லப்படும் பயிற்சி இரண்டு, மூன்று என்று நீளலாம். தென்மேல் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் பறப்பைக் கெடுக்கும். விமானம் பழுதுபார்க்கப் போனால் உதிரிப்பாகம் வரும்வரை வரிசை. இத்தனை நாளும் தெஹிவளையிலோ கல்கிசையிலோ அறை வாடகையும் சாப்பாடும் ஓடிக்கொண்டே இருக்கும். கொழும்பில் வீடுள்ள பிள்ளைக்கு இந்தச் செலவு இல்லை, நமக்கு உண்டு. கட்டணம் கேட்கும்போது இதையும் மாதக் கணக்கில் எழுதிக் கூட்டுங்கள்.

அடுத்தது டொலர். விமான எரிபொருளும் உதிரிப்பாகமும் இறக்குமதி. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பாதிப் பயிற்சியில் இருந்த குடும்பங்களுக்கு மீதிப் பாதியின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. ரூபாயில் சேமித்து டொலரில் செலவழிக்கும் எந்தத் திட்டத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் இரத்மலானைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. லைசன்ஸ் இந்நாட்டு அதிகாரசபையுடையது, மாற்ற வேண்டியதில்லை. பயிற்றுநர்கள், பரிசோதகர்கள், நிறுவனங்களில் பறப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டம். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தால் உதவிப் பயிற்றுநராக அங்கேயே இடம் கிடைக்க வழியுண்டு. அப்போது காத்திருக்கும் காலமும் சம்பளத்தோடு போகும், பறப்பு மணியும் ஏறும். இதற்காகவே பயிற்றுநர் தகுதிக்கான காசை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள் என்று சொல்கிறேன். வகைத் தகுதிக்குப் போகும் காசைவிட இது எவ்வளவோ புத்தியான முதலீடு.

இன்னொரு நன்மை, துண்டு துண்டாகப் படிக்கலாம். தனியார் லைசன்ஸ் வரை ஒரு கட்டம். பிள்ளைக்கு உண்மையிலேயே கை வருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். வராவிட்டால் நிறுத்தலாம், வீடு போகாது.

## வெளிநாட்டுப் பறப்புப் பள்ளி

பிலிப்பைன்ஸ், தென்னாபிரிக்கா, அமெரிக்கா என்று முகவர்கள் மூன்று பெயர்களை முன்வைப்பார்கள். வானிலை நல்லது, விமானங்கள் அதிகம், சீக்கிரம் முடியும் என்பார்கள். பல இடங்களில் அது உண்மையும்தான். அமெரிக்காவில் நாளுக்கு இரண்டு முறை பறக்க வாய்ப்புள்ள பள்ளிகள் இருக்கின்றன.

ஆனால் படித்த நாட்டிலேயே வேலை என்ற கனவை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் முதல் அதிகாரியாக உட்காரப் பொதுவாக 1,500 மணி வேண்டும். 2009இல் பஃபலோ அருகே நடந்த கொல்கன் விபத்துக்குப் பிறகு வந்த விதி அது. எஃப்-1 மாணவர் வீசாவில் படித்தால் ஓராண்டு வரை தொழில்முறைப் பயிற்சிக்கு இடமுண்டு. அந்தக் காலத்தில் பயிற்றுநராக மணி சேர்க்கலாம். தொழிற்கல்வி மாணவருக்கான எம்-1 வீசாவில் அது நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் மிகக் குறைவு. பள்ளி எந்த வீசா தருகிறது என்ற ஒரு கேள்வியே அமெரிக்கத் தெரிவைத் தீர்மானித்துவிடும். முகவரிடம் இதைக் கேளுங்கள்; பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவிடுங்கள்.

திரும்பி வந்தால் லைசன்ஸை இங்கே மாற்ற வேண்டும். வழங்கிய நாட்டிடம் நமது அதிகாரசபை உறுதிப்படுத்தல் கேட்கும், அதற்கான கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் இழுபடலாம். இலங்கை விமானச் சட்டப் பரீட்சை, தேவைப்பட்டால் பறப்புப் பரிசோதனை, மருத்துவம் என்று செலவு தொடரும். வெளிநாட்டில் எழுதிய பரீட்சைகளையும் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு மணியையும் நிரூபிக்க வேண்டும். சில இடங்களில் பறக்காத மணியை எழுதிக் கொடுக்கும் தீய பழக்கம் உண்டு. அந்தப் பதிவேடு பின்னால் பிள்ளையின் தொழிலையே முடித்துவிடும்; சரியாகக் கற்காதவர் ஓட்டும் விமானத்தில் உட்காரும் சனங்களின் உயிர் அதைவிடப் பெரியது.

இந்தியா மொழியாலும் தூரத்தாலும் நமக்கு அருகில் இருக்கிறது, சென்னைக்குப் போய்வருவது லேசு. ஆனாலும் அங்கே படிப்பதற்கும் அங்கே வேலை செய்வதற்கும் இடையில் அந்தக் கடவுச்சீட்டுச் சுவர் நிற்கிறது. படித்து முடித்த இலங்கைப் பிள்ளை மற்றவர்களைப்போலவே இரத்மலானை வரிசைக்குத்தான் திரும்ப வேண்டும், அறிமுகம் எதுவும் இல்லாமல்.

வெளிநாடு யாருக்குச் சரி? இரட்டைக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள பிள்ளைகளுக்கு மிகச் சரி. கனடாவிலோ இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ பிறந்து மட்டக்களப்பில் வளரும் பிள்ளைகள் நமது ஊர்களில் குறைவில்லை. அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதிக் கவலை இல்லை. தமது கடவுச்சீட்டு செல்லும் நாட்டிலேயே படிப்பதுதான் முறை.

## விமானப்படை

நான்கு வழிகளில் பயிற்சிச் செலவை அரசே ஏற்கும் ஒரே வழி இது. இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் திருகோணமலைச் சீனன்குடாவில் இருக்கிறது, நமக்கு மிகக் கிட்டிய பறப்புப் பயிற்சி இடமும் அதுவே. விமானிப் பிரிவுக்குப் பயிலிளவல் அதிகாரியாகத் தெரிவானால் பயிற்சி, உணவு, உறைவிடம், கொடுப்பனவு எல்லாம் அரசு பார்க்கும். 2020இல் முதல் பெண் விமானிகளும் அங்கிருந்து அதிகாரம் பெற்றார்கள். போக்குவரத்து விமானங்களில் சேவை செய்தவர்கள் பல இயந்திர அனுபவத்தோடு விலகும்போது நிறுவனங்கள் அவர்களை விருப்பத்தோடு பார்க்கின்றன.

செலவு வேறு வடிவில் வருகிறது. பல ஆண்டுகள் கட்டாய சேவை. எந்த விமானத்தில் அல்லது உலங்குவானூர்தியில் போடுவார்கள் என்பது அவர்களின் முடிவு. பயிற்சியில் தேறாவிட்டால் பறப்பு இல்லாத பிரிவுக்கு மாற நேரிடலாம். சிங்களம் நன்றாகத் தெரியாமல் படைவாழ்க்கை கடினம். நமது வீடுகளில் போர்க்காலத்தின் நினைவு இன்னும் ஆறாமல் இருப்பதால், இந்தச் சொல்லை மேசையில் வைக்கவே தயங்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தத் தயக்கம் உள்ள வீட்டில் காசு மிச்சம் என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையைத் தள்ளக்கூடாது. சேவையையே விரும்பும் பிள்ளைக்கு மட்டும் இது சரியான வழி. நிறுவனத்தில் பறப்பதற்கான குறுக்குவழியாக இதைக் கருதிப் போகிறவருக்கு அந்த ஆண்டுகள் மிக நீளமாக இருக்கும்.

## முதலில் பட்டமோ தொழிலோ, பிறகு பறப்பு

இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் வாடுவது தெரியும். ஆனாலும் நமது மாவட்டங்களின் பெரும்பாலான வீடுகளுக்கு நான் முதலில் வைப்பது இதைத்தான்.

விமானி வேலைக்குப் பந்தயம் 18 வயதில் முடிந்துவிடுவதில்லை. சர்வதேச விதிப்படி நிறுவன விமானத்தில் 65 வயது வரை இருவர் குழுவில் பறக்கலாம். 26 வயதில் சி.பி.எல். எடுப்பவருக்கும் முப்பதாண்டுக்கு மேல் தொழில் வாழ்க்கை இருக்கிறது. கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு இருந்தால் மொரட்டுவைக்கோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ கட்டணமில்லாமல் போகலாம். வானூர்தித் துறையை விட்டு விலக மனமில்லையென்றால் விமானப் பராமரிப்புப் பொறியியல் இருக்கிறது. ஐரோப்பிய முறையில் பீ1, பீ2 என்று வகுத்த பராமரிப்பு லைசன்ஸுக்கு வளைகுடாவில் மதிப்பு நல்லது. இளவயதிலேயே சம்பளம் கிடைக்கும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலை இன்னொன்று. அரசுக்குச் சொந்தமான விமான நிலைய நிறுவனம் ஆள் சேர்க்கும்போது போட்டி கடுமை, ஆனால் பயிற்சிக்குக் குடும்பம் காசு கட்ட வேண்டியதில்லை.

இந்த வழியின் மறைந்த செலவு மனத்தில். சம்பளம் வரத் தொடங்கியதும் கலியாணம், வீடு, தங்கையின் சீதனம் என்று காசு வேறு திசைகளில் போகும். பறப்புக்கென்று தனியே ஒரு கணக்குத் திறந்து, முடிந்தால் டொலரில் சேமிக்காவிட்டால் கனவு மெல்ல மறைந்துவிடும். வெளிநாட்டில் உழைப்பவருக்கு வெளிநாட்டு நாணயக் கணக்கு வைப்பது இலகு. டொலர் ஏற்றத்தின் அடி அவருக்குப் படாது. டோஹாவில் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளராக நான்கு வருடம் உழைத்துவிட்டு இரத்மலானைக்கு வருகிறவர், வயலை விற்று வருகிறவரைவிட எல்லா வகையிலும் வலுவாக நிற்கிறார். வேலை கிடைக்காவிட்டாலும் திரும்பிப் போகத் தொழில் இருக்கிறது.

## நிறுவனத்தின் பயிலுநர் திட்டம்

இதை ஐந்தாவது வழியாக எண்ணாததற்குக் காரணம், அது நமது தெரிவில் இல்லை. விளம்பரம் வந்தால் உடனே விண்ணப்பியுங்கள். ஒப்பந்தத்தில் பிணைத்தொகை எவ்வளவு, யார் பிணை நிற்பது, நிறுவனமே மூடினால் என்ன என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். மிஹின் லங்கா 2016இலும் இந்தியாவின் ஜெட் எயார்வேஸ் 2019இலும் பறப்பை நிறுத்தியதை நினைவில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இரத்மலானை | வெளிநாடு | விமானப்படை | முதலில் தொழில் |
|---|---|---|---|---|
| செலவைச் சுமப்பவர் | குடும்பம் | குடும்பம், டொலரில் | அரசு | பிள்ளையின் உழைப்பு |
| இடைவெளியில் வருமானம் | பயிற்றுநரானால் உண்டு | வீசாவைப் பொறுத்தது | உண்டு | உண்டு |
| லைசன்ஸ் | நேரடியாக இந்நாட்டுடையது | மாற்ற வேண்டும் | விலகும்போது சிவில் லைசன்ஸ் எடுக்க வேண்டும் | பிறகு எடுப்பது |
| பெரிய மறைசெலவு | காலநீட்சி, கொழும்பு வாழ்க்கை | முகவர், லைசன்ஸ் மாற்றம், அறிமுகமின்மை | கட்டாய சேவை ஆண்டுகள் | கனவு தள்ளிப்போதல் |
| பாதியில் நின்றால் மிஞ்சுவது | தனியார் லைசன்ஸ், கொஞ்சம் கடன் | பெரும்பாலும் கடன் | வேறு பிரிவில் வேலை | முழுத் தொழில் |

## எந்த வீட்டுக்கு எது

முழுப் பயிற்சிக்கும் அதன்மேல் மூன்று வருடக் காத்திருப்புக்கும் காசு கையில் உள்ள வீடு, மருத்துவச் சான்றும் வந்துவிட்டது என்றால்: இரத்மலானை, பயிற்றுநர் தகுதியோடு. இதில் எனக்குத் தயக்கமில்லை.

வயலை விற்றால்தான் முடியும் என்ற வீடு: விற்காதீர்கள். சிறுபோகமும் பெரும்போகமும் சோறு போடும் நிலம் அது. தனியார் லைசன்ஸ் வரைக்கும் முடிந்ததைச் செய்து பார்த்துவிட்டு, மீதியைப் பிள்ளை உழைத்து முடிக்கட்டும்.

கடனெடுக்க நினைக்கும் வீடு ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் கல்லோயாத் திட்டத்தில் கிடைத்த காணிகள் போல, இரு மாவட்டங்களிலும் பல காணிகள் அனுமதிப்பத்திரத்திலோ ஜயபூமி, சுவர்ணபூமி அளிப்புகளிலோ இருக்கின்றன. அவற்றை ஈடு வைப்பதற்கும் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வங்கி முழுப் பெறுமதிக்குக் கடன் தரும் என்று எண்ணிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் தவணைக்குத் தவிப்பது மிகவும் கொடுமை. சேருமுன் வங்கி முகாமையாளரிடம் உறுதியைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டுவதும் இதே குழிக்குத்தான் கொண்டுபோகும். வட்டி ஓடத் தொடங்கிய பிறகு மழைக்காலத்துக்காக அது நிற்காது.

ஒரு பிள்ளைக்காக மற்ற இரண்டு பிள்ளைகளின் படிப்பு நிற்கும் என்ற வீட்டுக்கு நான் எப்போதும் நான்காவது வழியைத்தான் சொல்வேன். மகளை அனுப்பும் வீடுகளிலும் இதே கணக்குத்தான். மகன் என்றால் காணியும், மகள் என்றால் “பிறகு பார்ப்போம்” என்பதும் நியாயமில்லை.

நிறுவனங்களில் இடம் இல்லாத காலத்தில் மாலைதீவின் நீர்விமானங்களை மறக்க வேண்டாம். ட்ரான்ஸ் மோல்டிவியன் போன்றவை இரட்டை இயந்திர ட்வின் ஓட்டர்களை ஓட்டுகின்றன. உள்நாட்டவருக்கு முன்னுரிமை என்றாலும் வெளிநாட்டு விமானிகளும் அங்கே பறக்கிறார்கள். மணி சேர்க்க நல்ல இடம்.

## முற்பணம் கட்டுமுன்

பள்ளியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. கட்டணத்தில் எத்தனை பறப்பு மணி அடக்கம், பரீட்சையில் தவறி மேலதிக மணி தேவைப்பட்டால் மணிக்கு எவ்வளவு? டொலர் ஏறினால் கட்டணம் ஏறுமா? இப்போது பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், அவற்றுக்கு எத்தனை மாணவர்? கடந்த இரண்டு ஆண்டுகளில் சி.பி.எல். முடித்தவர்கள் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை மாதம் எடுத்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பள்ளியின் பதிலைவிட, அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் வாசலில் நின்று சொல்லும் பதில் நம்பத்தக்கது. இரத்மலானைக்கு ஒரு நாள் போங்கள். இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்பு. மூன்று மாணவரிடமாவது பேசுங்கள்.

முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் கழிவு தருவதாகச் சொல்வார்கள். உலகின் பல நாடுகளில் பறப்புப் பள்ளிகள் திடீரென மூடி, முன்பணம் கட்டிய மாணவர்கள் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். கழிவை விட்டுவிடுங்கள். பறந்த மணிக்குப் பணம் என்று சிறு தவணைகளில் வாங்கச் சம்மதிக்காத பள்ளியில், அது எந்த நாட்டில் இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.